லீவு நாளில் வரும் தலைவலி

வாரம் முழுக்க ஓடியாடும்போது ஒன்றும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கூடுதலாகத் தூங்கி எழும்பினால் போதும், நெற்றிப்பொட்டில் ஒரு பக்கம் விண் விண்ணென்று தெறிக்கும், கருவாடு பொரிக்கும் மணத்துக்கே குமட்டும், பக்கத்து லயத்து ரேடியோ மண்டைக்குள் பாடும். 'இவளுக்கு லீவு நாளில்தான் வருத்தம் வரும்' என்று வீட்டில் நக்கல் வேறு. ஆனால் அது உண்மைதான். மன அழுத்தம் ஏறும்போது மட்டுமில்லை, சட்டென்று இறங்கும்போதும் ஒற்றைத் தலைவலி கிளம்பும். பிந்தி எழும்புவதும் காலைத் தேத்தண்ணி தள்ளிப்போவதும் அதற்குத் துணை.

அதனால் முதலில் செய்ய வேண்டியது, போயா லீவானாலும் வழக்கமான நேரத்துக்கே எழும்புவது. சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். ஒரு நாளைக்கு ஆறு கிளாஸ் தேத்தண்ணி குடிப்பவர் ஒரேயடியாக நிறுத்தினால் அதற்கும் தலை வலிக்கும், மெதுவாகக் குறையுங்கள்.

அப்புறம் ஒரு சிஆர் கொப்பி எடுத்து, வலி வந்த திகதி, நேரம், முந்தைய இரவு தூங்கிய அளவு, போட்ட மாத்திரை எல்லாவற்றையும் எழுதுங்கள். பெண்கள் மாதவிடாய்த் திகதியையும் குறிக்க வேண்டும், அதையொட்டி ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது பலருக்கு வலி வரும்.

இதோடு உடற்பயிற்சியும் உதவும் என்றதும், 'நாளெல்லாம் மலையேறி எறங்குறேன், எனக்கு எதுக்கு புள்ள எக்சசைஸ்?' என்று கொழுந்தெடுக்கும் எங்கள் சித்தி கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் தலையில் மாட்டிய கூடைக் கயிறு கழுத்தைப் பின்னுக்கு இழுக்க, மலையில் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீரும் குடிக்காமல், வெயிலில் கொழுந்து நிறையைப் பிடிக்க ஓடுவது உடற்பயிற்சி இல்லை, பாரம். சித்திக்கு முதலில் வேண்டியது ஒரு போத்தல் தண்ணீரும் கழுத்துக்கு ஓய்வும்.

சாயங்காலம் சுவரில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். தோள் இரண்டையும் காதுவரை தூக்கி, ஐந்து எண்ணும்வரை இறுக்கிப் பிடித்து, மூச்சை நீளமாக விட்டுக்கொண்டே தொப்பென்று கீழே போடுங்கள். கை, தாடை, நெற்றி என்று ஒவ்வொன்றாக இப்படியே இறுக்கித் தளர்த்த வேண்டும். பத்து நிமிடம் போதும். முதல் வாரம் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, தாடையை எவ்வளவு இறுக்கி வைத்திருக்கிறேன் என்பதே பிறகுதான் தெரிந்தது.

உடற்பயிற்சி விஷயத்தில் சுவீடனில் 91 பேரை வைத்துச் செய்து 2011இல் வெளியான ஓர் ஆய்வு எனக்குப் பிடிக்கும். வாரம் மூன்று நாள், நாற்பது நிமிடம் என்று மூன்று மாதம் உடற்பயிற்சி செய்தவர்களுக்கும், தளர்வுப் பயிற்சி செய்தவர்களுக்கும், டோபிராமேட் என்ற தடுப்பு மருந்து எடுத்தவர்களுக்கும் வலி வரும் தடவை ஏறக்குறைய ஒரே அளவில்தான் குறைந்தது. எடுத்த எடுப்பில் நாற்பது நிமிடம் வேண்டாம். மேட்டுப் படியை விட்டுவிட்டு, சமமான ரோட்டில் பத்து நிமிட நடையில் தொடங்குங்கள். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் வேகம். மூச்சிரைக்க ஏறினால் அதுவே சிலருக்கு வலியைக் கிளப்பிவிடும். வெறும் வயிற்றில் போகாதீர்கள். வலி வந்துவிட்ட அன்று நடையே வேண்டாம், இருட்டறையில் படுத்துவிடுங்கள்.

பனடோல் போடுவதானால் வலி தொடங்கியதுமே போடுங்கள். ஆனால் மாதத்தில் பதினைந்து நாளுக்கு அதைத் தொட்டால் மாத்திரையே தலைவலியாகிவிடும். இடி விழுந்த மாதிரி திடீரென்று வரும் கடும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறல், இவை புதிதாக வந்தால் தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் உடனே 1990க்கு அழையுங்கள், அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

மற்றபடி மாதம் நாலைந்து நாள் வலி படுத்தினால் கிளினிக்குக்குப் போய்த் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். கியூ நீளம், உள்ளே கிடைப்பது இரண்டு நிமிடம். கதை சொல்லிக்கொண்டிருக்காமல் கொப்பியை நீட்டுங்கள்.