ஹைபிரிட் காரில் பிரேக்கை லேசாக மிதியுங்கள்

டொயோட்டா பிரியஸ் மாதிரியான, பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் காரை முதன்முறை ஓட்டுபவர்கள், சிக்னலில் இன்ஜின் சத்தம் அடங்கியதும் வண்டி நின்றுவிட்டது என்று பதறுவார்கள். பதற வேண்டாம். டாஷ்போர்டில் 'ரெடி' விளக்கு எரிகிறதா, சரி, வண்டி தயார். ஆக்சிலரேட்டரை மெல்லத் தொட்டால் மோட்டாரே நகர்த்திவிடும்.

மைலேஜ் கூட வேண்டுமென்றால் பிரேக்கைக் கவனியுங்கள். சிவப்பு விளக்கு தூரத்தில் தெரியும்போதே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, பிரேக்கை லேசாக, கொஞ்சம் நீளமாக மிதியுங்கள். அப்போது மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓடும் வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்பும். டாஷ்போர்டு திரையில் 'சார்ஜ்' பக்கம் ஏறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். கிட்டே போய் அழுத்தி மிதித்தால் பிரேக் பேடு தேயும், அந்த ஆற்றலில் பெரும்பகுதி வெறும் சூடாகப் போய்விடும். அவசரம் என்றால் மட்டும் தயங்காமல் அழுத்துங்கள்.

அப்புறம், நெரிசலில் நியூட்ரலுக்கு மாற்றும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். பிரியஸில் நியூட்ரலில் ஹைபிரிட் பேட்டரி சார்ஜ் ஆகாது.

பின் சீட்டின் ஓரத்தில் ஒரு காற்றுத் துளை இருக்கும். பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று அதன் வழியாகத்தான் போகிறது. பை, போர்வை எதையும் வைத்து அதை அடைத்துவிடாதீர்கள். சர்வீஸுக்கு விடும்போது அங்கே தூசி படிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.