சவர்க்காரத்தைக் கட்டித் தொங்கவிட்டேன்

களுவாஞ்சிகுடியில் எங்கள் குழாயடியைச் சுற்றி முழுக்க மணல். நாலு வயது மகளின் கையில் சவர்க்காரம் நிற்காது. வழுக்கி விழும், மணல் ஒட்டும். "குத்துது அம்மா" என்று தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டுச் சோற்றுக்கு ஓடிவிடுவாள். அதட்டியும் பயனில்லை.

கட்டியைப் பாதியாக வெட்டி, வெங்காயம் வந்த வலைப்பையில் முடிந்து, குழாயில் அவளுடைய நெஞ்சு உயரத்துக்குத் தொங்கவிட்டேன். வலையோடு தேய்த்தால் நுரை பொங்கும். அவளுக்கு அது விளையாட்டு. 20 வினாடி தேய்க்க வேண்டுமே, எண்ணச் சொன்னேன். அவள் கணக்கில் பன்னிரண்டுக்கு அடுத்தது இருபது! சரி, இரண்டு தரம் எண்ணட்டும். விரலிடுக்கும் நகக்கண்ணும்தான் தப்பிவிடும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அப்புறம், பையில் தண்ணீர் வடிந்துவிடுவதால் சவர்க்காரம் வீணாகக் கரைவதுமில்லை. இப்போது முன்பள்ளி விட்டதும் நேரே குழாயடிக்குத்தான் போகிறாள், செருப்பைக்கூடக் கழற்றாமல்.