சண்டை ரோபோவில் பேட்டரி தீப்பிடிக்காமல் காப்பது எப்படி

ஒன்றையொன்று அடித்து மோதும் போட்டிக்கான ரோபோவை வடிவமைக்கும்போது மோட்டார், பிளேடு, சக்கரம் எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சம் கிடக்கும் சந்தில் பேட்டரியைச் செருகுவதுதான் பல டீம்களின் வழக்கம். தயவுசெய்து இதைத் தலைகீழாக மாற்றுங்கள். முதலில் பேட்டரிக்கு இடம், அப்புறம்தான் மற்றதெல்லாம்.

எங்கள் முதல் 15 கிலோ ரோபோ ஒரு டிரம் ஸ்பின்னரிடம் (பல் வைத்த உருளையைச் சுழற்றி அடிக்கும் ரோபோ) நாலைந்து அடி வாங்கியது. டிரம்மின் பல் பேட்டரி இருக்கும் பக்கமே வரவில்லை. ஆனால் மேட்ச் முடிந்து மூடியைக் கழற்றினால் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி ஒரு இனிப்பு வாடை அடித்தது. பேட்டரியை எடுத்துத் திருப்பிப் பார்த்தோம். நீல உறையில் மிளகு அளவுக்கு ஒரு ஓட்டை, அதைச் சுற்றிக் கொஞ்சம் ஈரம். ஓட்டைக்கு நேர் எதிரே சேசிஸ் சுவரில் ஒரு எம்5 (5 மில்லிமீட்டர் தடிமன்) போல்ட்டின் முனை 6 மில்லிமீட்டர் உள்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தது. அடி விழுந்த வேகத்தில் பேட்டரிதான் போய் அதில் குத்திக்கொண்டிருக்கிறது. உடனே வெளியே கொண்டுபோய் மணல் வாளியில் வைத்தோம், பத்து நிமிடம் கழித்துத்தான் புகையவே ஆரம்பித்தது. அந்தப் பத்து நிமிடத்தில் ரோபோவை மூடி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துப் பார்ப்பேன்.

இந்த ரோபோக்களில் போடும் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியின் செல்லுக்கு இரும்பு உறை கிடையாது, மெல்லிய அலுமினிய பை மட்டும்தான். உள்ளே பாசிட்டிவ் தகடும் நெகட்டிவ் தகடும் அடுக்கடுக்காக இருக்கும், அவற்றைப் பிரிப்பது முடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் தாள். அது கிழிந்தால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகி, சூடு ஏறி, பக்கத்து செல்லையும் சேர்த்துக் கொளுத்திவிடும். எரியும் செல்லே ஆக்சிஜனையும் வெளியிடுவதால் மூடி அமுக்கி அணைக்கவும் முடியாது.

அதனால் முதல் வேலை, ரோபோவின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்ப்பது. நீட்டிக்கொண்டிருக்கும் போல்ட்டையெல்லாம் அறுத்துவிடுங்கள், அல்லது முனை வெளிப்பக்கம் வரும்படி திருப்பிப் போடுங்கள். கார்பன் ஃபைபர் தகடு வைத்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும், அதன் ஓரம் வயரை அறுக்கும், அதோடு அது மின்சாரமும் கடத்தும். பலருக்கு இந்த இரண்டாவது விஷயம் தெரிவதில்லை.

பேட்டரிக்குத் தனியாக ஒரு பெட்டி கட்டாயம். 3 முதல் 5 மில்லிமீட்டர் தடிமனில் எச்டிபிஇ அல்லது பாலிகார்பனேட் என்ற உறுதியான பிளாஸ்டிக் தகடு நல்லது. சின்ன ரோபோ என்றால் டிபியூவில் (ரப்பர் மாதிரி வளையும் பிளாஸ்டிக்) 3டி பிரிண்ட் எடுக்கலாம். பிஎல்ஏ என்ற சாதாரண பிரிண்டிங் பிளாஸ்டிக் வேண்டாம், அடி விழுந்தால் சில்லு சில்லாக உடையும், அந்தச் சில்லே பேட்டரியைக் குத்தும். பெட்டிக்குள் ஆறு பக்கமும் ஃபோம் வையுங்கள், பழைய யோகா மேட்டை வெட்டிப் போட்டாலே போதும். ஃபோம் லேசாக அமுங்கியிருக்க வேண்டும். ரொம்ப இறுக்கினால் சூட்டில் செல் உப்புவதற்கு இடம் இருக்காது, தளர்வாக விட்டால் பேட்டரி உள்ளே சுத்தியல் மாதிரி இடித்துக்கொண்டே இருக்கும். ரோபோவைத் தூக்கிக் குலுக்கிப் பாருங்கள், சத்தமே வரக் கூடாது. பெட்டியை நடுவில் வையுங்கள், ஆயுதத்துக்கும் தரைத் தகட்டுக்கும் நேராக ஒட்டி வைக்காதீர்கள்.

அடுத்தது வயர். தகட்டைத் தாண்டிப் போகும் ஒவ்வொரு ஓட்டைக்கும் ரப்பர் வளையம் போடுங்கள். பாலன்ஸ் வயர்தான் (ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகச் சார்ஜருக்கு இணைப்பது) எல்லோரும் மறப்பது: ரொம்ப மெல்லிய வயர், பேட்டரியின் ஓரத்தில் மடங்கி நசுங்கினால் அங்கேயே ஷார்ட். அதை மடித்து, கேப்டான் டேப் (சூடு தாங்கும், மின்சாரம் கடத்தாத டேப்) சுற்றி, ஃபோமுக்குள் தனியாக ஒரு பள்ளம் வெட்டி அதில் படுக்க வையுங்கள்.

அடி படாமலும் பேட்டரி சாகும், அளவு தெரியாமல் சின்னதாகப் போட்டால். மூன்று நிமிட மேட்ச் என்பது ஒரு மணி நேரத்தில் இருபதில் ஒரு பங்கு. 3000 எம்ஏஎச் (அதாவது 3 ஆம்பியர்-மணி) பேட்டரியில் 80 சதவீதம் மட்டும் எடுப்பதாக வைத்தால் 2.4 ஆம்பியர்-மணி, அதை 20-ஆல் பெருக்கினால் மேட்ச் முழுக்க சராசரியாக 48 ஆம்பியர் இழுக்கலாம். உங்கள் ரோபோ அதற்கு மேல் இழுக்கிறது என்றால் பெரிய பேட்டரி போடுங்கள். லேபிளில் எழுதியிருக்கும் 'சி' எண்ணை (ஆம்பியர்-மணி அளவைப் போல எத்தனை மடங்கு ஆம்பியர் இழுக்கலாம் என்பது) அப்படியே நம்ப வேண்டாம், பாதியாக எடுத்துக்கொண்டு கணக்குப் போடுவதே என் பழக்கம்.

சார்ஜ் எப்போதும் ரோபோவுக்கு வெளியே எடுத்துத்தான், பாலன்ஸ் மோடில் (எல்லா செல்லையும் சமமாக ஏற்றும் முறை), 3000 எம்ஏஎச் என்றால் 3 ஆம்பியருக்கு மேல் வேண்டாம். மேட்ச் முடிந்து கை வைத்தால் சூடாக இருக்கும் பேட்டரி ஆறட்டும், அவசரப்படாதீர்கள். செல் ஒன்றுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லைத் திரும்ப சார்ஜ் செய்து பார்க்காதீர்கள். போட்டி இல்லாத நாட்களில் 3.8 வோல்ட்டில் வையுங்கள். சார்ஜ் ஆகும்போது ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும், டீ குடிக்கப் போகிறவர் இன்னொருவரை உட்கார வைத்துவிட்டுப் போகட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு தீப்பிடித்தால்? அரீனாவுக்குள் (ரோபோக்கள் மோதும் அடைத்த களம்) என்றால் நடத்துபவர்கள் சொல்லும் வரை கதவைத் திறக்காதீர்கள். அந்தப் புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நுரையீரலுக்கு ரொம்பக் கெடுதல், துணியால் மூக்கைப் பொத்துவது பயன்படாது. திறந்த பிறகும் முதலில் ஆயுதம் அசையாதபடி லாக் போடுங்கள், அப்புறம்தான் பேட்டரி. லித்தியம் என்றாலே தண்ணீர் ஊற்றக் கூடாது என்று சொல்வார்கள், அது லித்தியம் உலோகத்துக்குச் சொன்னது. லிப்போவுக்குத் தண்ணீர் சூட்டை நன்றாகத் தணிக்கும், ஆனால் ஒரு சொம்பு போதாது, வாளி வாளியாக வேண்டும். மணல் தீயை அணைக்காது, பரவாமல் தடுக்கும். அணைந்த மாதிரி தெரிந்தாலும் திரும்பப் பற்றும், அதனால் சில மணி நேரமாவது வெட்டவெளியிலேயே கிடக்கட்டும்.

உப்பியது, மடங்கியது, வாடை வருவது, ஒரு செல் மட்டும் வோல்டேஜ் குறைந்தது, இதில் எதுவானாலும் அந்த பேட்டரி அடுத்த மேட்சுக்கு இல்லை, ஃபைனலாகவே இருந்தாலும் சரி. குத்துப்பட்டதை மணல் வாளியோடு வெளியே விடுங்கள். உப்பியது மட்டும் என்றால், வெட்டவெளியில் வைத்து, 6எஸ் (தொடராக ஆறு செல் கொண்ட) பேட்டரிக்கு 24 வோல்ட் லாரி பல்பு ஒன்றை மாட்டி முழுக்க வடியவிட்டு, முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.