கிண்டர்டைக் போனால் காற்றாலையை அப்புறம் பாருங்கள், முதலில் தண்ணீரைப் பாருங்கள்

வேலூர், ராணிப்பேட்டை பக்கமிருந்து படிக்கவோ வேலைக்கோ நெதர்லாந்து போகிறவர்கள் ஒரு மாதத்துக்குள் கிண்டர்டைக் காற்றாலை முன்னால் நின்று போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். முதல் தடவை முக்கால் மணி நேரத்தில் பார்த்து முடித்து, "சரி, அவ்வளவுதானா" என்று படகு ஏறிவிட்டேன். அடுத்த தடவை ஊரிலிருந்து வந்த சித்தப்பாவைக் கூட்டிப் போனேன். காவேரிப்பாக்கம் ஏரி ஆயக்கட்டில் நெல் போடுகிறவர். அவர் காற்றாலையை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. கரைமேல் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஏம்பா, இந்தப் பக்கம் தண்ணி மேல நிக்குது, அந்தப் பக்கம் நிலம் கீழ கெடக்குது, இவன் எந்த மதகுல தண்ணி விடறான்?" என்றார். அந்தக் கேள்வியைக் கையோடு எடுத்துப் போங்கள், ஊர் தானாகப் புரியும்.

போகும் வழி சுலபம். ராட்டர்டாமிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர்தான். எராஸ்மஸ் பாலத்துக்குப் பக்கத்தில் வாட்டர்பஸ் என்ற படகு கிடைக்கும், சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளலாம். திரும்பும் கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கிளம்பும்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள், குளிர்காலத்தில் நேரமெல்லாம் மாறும். காற்றாலைகளுக்கு நடுவே நடக்கும் பாதைக்குக் காசு இல்லை, உள்ளே ஏறிப் பார்க்கத்தான் டிக்கெட். வெயில் அடிக்கிறதே என்று ஜாக்கெட்டை விட்டுப் போகாதீர்கள். தடுக்க ஒன்றுமில்லாத வெட்டவெளி, காற்று காதை அறுக்கும்.

இறங்கியதும் காற்றாலைப் பக்கம் ஓடாமல், முதலில் ஆற்றங்கரையில் நில்லுங்கள். லெக் ஆறு இங்கே நோர்ட் ஆற்றோடு சேர்கிறது. திரும்பி உள்பக்கம் பார்த்தால் வயலும் புல்வெளியும் ஆற்றைவிடத் தாழ்வாகக் கிடக்கும். ஆதியில் இப்படி இல்லை. அல்பிளாசர்வார்ட் என்ற இந்தப் பகுதி முழுக்கச் சதுப்பு நிலம், மக்கிய செடிகொடியால் ஆன மண். விவசாயம் செய்ய வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். ஈரம் போனதும் அந்த மண் சுருங்கி அமுங்கியது. அமுங்க அமுங்கத் தண்ணீர் தானாக ஆற்றுக்கு வடியவில்லை. ஆக, தண்ணீரை இறைத்து மேலே ஏற்றி வெளியே தள்ள வேண்டிய கட்டாயம். நாம் மழைத்தண்ணீரை ஏரியில் தேக்கி வயலுக்கு இறக்குகிறோம், அவர்கள் வயல் தண்ணீரை ஏற்றித் தேக்கி ஆற்றில் விடுகிறார்கள். அப்படியே தலைகீழ்.

இப்போது காற்றாலைக்குப் போகலாம். மொத்தம் 19. மாவு அரைக்க வைத்ததல்ல, நம் ஊரில் மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கவலை மாதிரி இறைக்கத்தான். மாட்டுக்குப் பதில் காற்று, சாலுக்குப் பதில் பெரிய தட்டுச் சக்கரம், அவ்வளவுதான் வித்தியாசம். கீழ்த்தேக்கத்திலிருந்து மேல்தேக்கத்துக்குத் தண்ணீரை ஏற்றிவைத்து, ஆற்றில் மட்டம் இறங்கும் நேரம் பார்த்து மதகைத் திறந்துவிடுவார்கள். எல்லாம் ஒரே மாதிரி இருக்கிறதே என்று தோன்றினால் சுவரைப் பாருங்கள். செங்கல்லில் உருண்டையாக இருப்பவை எட்டும் 1738-இல் நேடர்வார்ட் பகுதிக்காகக் கட்டியவை. எட்டுப் பட்டையாக, நாணல் வேய்ந்து நிற்கும் எட்டும் 1740-இல் ஓவர்வார்ட் பகுதிக்கானவை. மிச்சம் மூன்றும் தனி. நம் பக்கம் கரும்புத் தோகை வேய்ந்த கொட்டகையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த நாணல் வேலையின் நேர்த்தி சட்டென்று கண்ணில் படும், கிட்டப் போய்ப் பாருங்கள். ஆனால் இறக்கை சுற்றும்போது எல்லைக் கயிற்றைத் தாண்டாதீர்கள். தரையை ஒட்டிச் சுற்றுகிற ரகம், ஆளை அடித்தால் பிழைப்பது கஷ்டம்.

ஒரு மியூசியம் காற்றாலைக்குள் கட்டாயம் ஏறுங்கள். கீழே சமையல், சுவருக்குள் அலமாரி மாதிரி கட்டில், மேலே மரப்பல் சக்கரம் கடகடவென்று ஓட, ஒரு குடும்பமே உள்ளே வாழ்ந்திருக்கிறது. இன்றும் பல காற்றாலைகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், அதனால் ஜன்னலில் எட்டிப் பார்க்கும் நம் பழக்கம் வேண்டாம். நிறுத்தி வைத்த இறக்கைக்கும் ஒரு பாஷை உண்டு. மேல் இறக்கை உச்சிக்குச் சற்று முன்னால் நின்றால் நல்ல செய்தி, உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம்.

பெயர்க் கதை இல்லாமல் எந்த ஊர். கிண்டர்டைக் என்றால் பிள்ளைக் கரை. 1421 நவம்பரில் எலிசபெத் புனிதரின் திருநாளையொட்டி வந்த வெள்ளத்தில் ஒரு தொட்டில் மிதந்து வந்ததாம், உள்ளே குழந்தை, கூடவே ஒரு பூனை, தொட்டில் சாயச் சாயப் பூனை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவிச் சமன் செய்ததால் குழந்தை நனையவே இல்லையாம். வெள்ளம் நிஜம், பூனை அவரவர் நம்பிக்கை.

எனக்கு இதைவிடப் பெரிய விஷயம் நிர்வாகம்தான். 1277-லேயே ஐந்தாம் ஃபுளோரிஸ் என்ற பிரபு இந்தப் பகுதிக் கரைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பை ஏற்படுத்திவிட்டார். இன்றும் அந்த நாட்டில் நீர் வாரியங்களுக்குத் தனியாகத் தேர்தல், தனியாக வரி. மூன்றாம் நந்திவர்மன் வெட்டியதாகச் சொல்லும் ஏரியில், மதகு திறந்து தண்ணீர் விடும் ஆளான நீர்க்கட்டிக்கு நெல் அளந்த வீட்டிலிருந்து வந்த சித்தப்பா இதைக் கேட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

நேரம் இருந்தால் விஸ்போம் இறைப்பு நிலையத்தையும் பாருங்கள். 1868-இல் நீராவியில் ஆரம்பித்தது. அப்புறம் டீசல், மின்சாரம் என்று வந்தாலும், இரண்டாம் உலகப் போரில் எரிபொருள் தட்டியபோது பழைய காற்றாலைகள்தான் கைகொடுத்தன. இப்போது தண்ணீரை ஏற்றுவது ராட்சதத் திருகுகள். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்ததும் கூட்டம் பெருகிவிட்டது, எனவே காலை முதல் படகில் போய்விடுங்கள்.

(டச்சுக்காரர்களுக்கும் நம் ஆற்றுக்கும் பழைய உறவும் உண்டு. பாலாறு கடலில் சேரும் இடத்துக்குப் பக்கத்தில், சதுரங்கப்பட்டினத்தில், துணி வாங்க வந்து கோட்டை கட்டி உட்கார்ந்தார்கள். செங்கல் சுவர் இன்னும் நிற்கிறது.)

திரும்பும் படகில் கரைப்பக்கமாக இடம் பிடியுங்கள். வழியெல்லாம் கப்பல் கட்டும் தளங்கள் வரும், தூர்வாரும் கப்பல்களுக்கு இந்த ஊர் பேர்போனது. அதைச் சொன்னதும் சித்தப்பா எழுந்து நின்று பார்த்தார். "இன்னா வெல இருக்கும்? நம்ம ஏரிக்கு ஒண்ணு கேளேன்."