கிழங்கானுக்கு எதற்கு அவ்வளவு பெரிய தூண்டில் முள்?

போன ஞாயிறு விடியற்காலை, கடலூர் சில்வர் பீச்சில் மூன்று பையன்கள் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார்கள். புது ராடு, புது ரீல், ஒரு பை நிறைய இறால். ஒரு மணி நேரத்தில் பாதிப் பை காலி. கூடையில் ஒரு மீன் இல்லை. பல வருடத்துக்கு முன்னால் அதே மணலில் நானும் அப்படித்தான் நின்றேன். முடிச்சை நனைத்து இறுக்கு, ரீலில் மணல் படாமல் பார் என்பதையெல்லாம் பக்கத்தில் நிற்பவரே சொல்லிவிடுவார். இங்கே எழுதுவது கிழங்கான் மீனைப் பிடிக்கப் போய் நாம் செய்யும் தவறுகளை.

பெரிய முள், முழு இறால்

இதை யார் செய்தாலும் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். என்னுடைய இரண்டு மாத விடியற்காலைகளைத் தின்ற தவறு இது. "கடலுக்கா? அப்ப இதுதான்" என்று கடையில் எடுத்துக் கொடுத்த 1/0 முள்ளில் முழு இறாலைக் கோர்ப்பேன். ராடு நுனி டக் டக்கென்று துடிக்கும். இழுத்தால் வெறும் முள் வரும். நண்டு தின்கிறது என்று நினைத்து, இன்னும் பெரிய இறாலாகப் பார்த்து மாட்டினேன்.

ஒருநாள் கரையில் வலை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் தன் கூடையிலிருந்து ஒரு கிழங்கானை எடுத்து என் கையில் வைத்தார். "வாயைத் தெறந்து பாரு தம்பி." நல்ல மீன், ஒரு சாணுக்குக் குறையாது. ஆனால் கூம்பிய மூக்கின் நுனியில் இருந்த அந்த வாய்க்குள் என் சுண்டுவிரல் நுழையவில்லை. முள்ளை எடுத்து வைத்துப் பார்த்தேன். முள்ளின் வளைவு வாயைவிட அகலம்.

கிழங்கான் மணலைக் கிளறி, புழுவையும் பொடி இறாலையும் தேடித் தின்னும் மீன். முழு இறாலைப் போட்டால் ஓரம் ஓரமாகப் பிய்த்துத் தின்றுவிட்டுப் போய்விடும். முள் வாய்க்குள் போவதே இல்லை. நாம் காசு கொடுத்து வாங்கிய இறாலை அதற்கு ஊட்டிவிட்டு வருகிறோம்.

6 அல்லது 8-ஆம் எண் முள், தண்டு நீளமானதாக வாங்குங்கள். ஆழமாக விழுங்கியிருந்தாலும் கழற்றச் சுலபம். எண் கூடக் கூட முள் சிறிதாகும். 1/0, 2/0 என்று பூஜ்யம் சேர்ந்தால் கதை மாறிவிடும், எண் ஏற ஏற முள்ளும் பெரிதாகும். 2-க்கும் 2/0-க்கும் வித்தியாசம் தெரியாமல் வாங்கி வருபவர்களை வாராவாரம் பார்க்கிறேன்.

இறாலின் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, நீளவாக்கில் இரண்டாகக் கீறுங்கள். அதில் ஒரு நகம் நீளத்துக்கு ஒரு துண்டு போதும். அதை வளைவை ஒட்டிக் கோர்த்து, முள்ளின் கூர் மட்டும் துளி வெளியே தெரியும்படி விடுங்கள். கழிமுகச் சேற்றில் தோண்டிய புழு கையில் இருந்தால் இறாலைத் தொடவே வேண்டாம்.

எட்டாத தூரத்துக்கு வீசுவது

அலை உடையும் மணல்திட்டுக்கும் கரைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும், அங்கே தண்ணீர் கொஞ்சம் கருத்துத் தெரியும். கிழங்கான் மேய்வது பெரும்பாலும் அதில்தான். நம் ஆட்களோ முழங்கால் தண்ணீரில் இறங்கி, மீன் மேயும் இடத்தை மிதித்துக்கொண்டே அதையும் தாண்டி வீசுகிறார்கள். முதல் வீச்சை ஈர மணலில் நின்றபடி 15, 20 மீட்டருக்குப் போடுங்கள். அங்கே கடி இல்லையென்றால் அப்புறம் தூரம் பார்க்கலாம்.

அசையாத ஈயம்

ஈயத்தை இறுக்கிக் கட்டினால், இரையைத் தொட்டதுமே மீனுக்குக் கனம் தெரிந்துவிடும். துளையுள்ள ஈயக்குண்டைத் தங்கூசியில், அதாவது தூண்டில் நரம்பில், ஓடும்படி கோர்த்து, அடியில் ஒரு ஸ்விவல் (சுழலும் இணைப்பு வளையம்), அதற்குக் கீழே இரண்டு சாண் மெல்லிய தங்கூசி, நுனியில் முள். கடல் அமைதியாக இருந்தால் 20 கிராம் ஈயம் போதும், இழுப்பு இருந்தால் 30. போட்டுவிட்டுச் சும்மா நிற்காதீர்கள். அவ்வப்போது அரை அடி மெதுவாகச் சுற்றினால் ஈயம் உரசி மணல் புகையும். அதைப் பார்த்து மீன் வரும்.

வெடுக்கென்று இழுப்பது

சின்ன வாய், கிழிந்துவிடும். ராடைத் தூக்கினால் போதும்.

நேற்று மீந்த இறால்

உப்பில் போட்டு வைத்திருந்தால் சரி. குழைந்துபோனது முள்ளில் நிற்காது.

முகத்துவாரத்தில் இறங்குவது

தாழங்குடாவிலும் சுண்ணாம்பாற்று முகத்துவாரத்திலும் மீன் உண்டு. ஆனால் அங்கே மணல் விளிம்பு நிற்கும்போதே காலடியில் சரியும், கடல் வற்றும்போது வெளியே ஓடும் தண்ணீர் ஆளைக் கடலுக்குள் இழுத்துப் போகும். தண்ணீருக்குள் ஒரு அடிகூட வைக்காதீர்கள்.

பிடித்ததை மணலில் போட்டு வைப்பது

கிழங்கானுக்குப் பூப்போன்ற சதை. என் மகளுக்கு நாங்கள் முதன்முதலில் ஊட்டிய மீனே அதுதான். வெயிலில் அரை மணி நேரம் கிடந்தால் வயிறு தளர்ந்து, குழம்பில் போட்டதும் உடைந்துவிடும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே ஒரு டப்பாவில் ஐஸ் எடுத்துக்கொள்ளுங்கள். முள்ளைக் கழற்றியதும் மீன் நேராக அதற்குள் போகட்டும்.