மனித உரிமைப் பேராசிரியரைத் தெரிவு செய்தல்: வன்னியில் கவனிக்க வேண்டியவை

சமூக நீதிக்கும் மனித உரிமைகளுக்கும் ஒரு பேராசிரியரை நியமிக்க விரும்பும் பீடம், விளம்பரம் எழுதுவதற்கு முன்னர் ஆளணி, அதாவது அனுமதிக்கப்பட்ட பதவியிடம், இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அரச பல்கலைக்கழகத்தில் புதிய பதவி ஒன்றை உருவாக்க மூதவையும் பேரவையும் இணங்குவது மட்டும் போதாது. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வழியாகத் திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களத்தின் அனுமதியும் கிடைக்க வேண்டும். இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் இதற்கு மேலும் ஒரு சிக்கல் உண்டு. வவுனியா வளாகம் 2021 ஆகஸ்ட் 1 இல் தனிப் பல்கலைக்கழகமானபோது அதில் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பவியல் கற்கைகள் ஆகிய மூன்று பீடங்களே இருந்தன. கிளிநொச்சி அறிவியல் நகரில் இருப்பவையும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல், தொழில்நுட்ப பீடங்களே. ஆகவே இப்பதவி எந்தத் துறையின் கீழ் வரும், எந்த மாணவருக்கு எத்தனை பாட அலகுகள் கற்பிக்கப்படும் என்பதை எழுத்தில் வைத்துக்கொண்டே ஆளணி கேட்க வேண்டும். அதற்கு விடை இல்லையென்றால், முதலில் ஒரு வருகைதரு பேராசிரியரை வைத்துப் பாடநெறியைத் தொடங்குவதே நல்லது.

விளம்பரத்தில் ‘மனித உரிமைகள்’ என்று மட்டும் எழுதினால் சட்டம், சமூகவியல், அரசறிவியல், மெய்யியல் எனப் பல திசைகளிலிருந்தும் விண்ணப்பங்கள் வந்து குவியும். அவற்றை ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. பட்டத்தின் பெயரை இறுக்குவதை விட, நியமனம் பெறுபவர் எதைக் கற்பிப்பார் என்பதை விரித்து எழுதுங்கள்: காணி உரிமை, மீள்குடியேற்றம், காணாமல் ஆக்கப்பட்டோர், பெண் தலைமைத்துவக் குடும்பங்கள். இவற்றோடு, 1977 வன்செயலுக்குப் பின்னர் மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறிய குடும்பங்களின் காணி அனுமதிப்பத்திரப் பிரச்சினையையும் சாதியையும் நான் கட்டாயம் சேர்ப்பேன். அரசு செய்த அநீதியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசக்கூடிய சிலர், நம் ஊருக்குள்ளேயே கிணறும் கோயிலும் யாருக்கு மறுக்கப்பட்டன என்று கேட்டால் வாயடைத்துப் போகிறார்கள். அத்தகையவர் சமூக நீதியைப் பாதி மட்டுமே கற்பிப்பார்.

ஆய்வுக் கட்டுரைகளுக்கும் கற்பித்தல் அனுபவத்துக்கும் புள்ளியிடும் முறையை ஆணைக்குழுவின் சுற்றறிக்கைகள் வகுத்திருப்பதால் அங்கே தடுமாற வேண்டியதில்லை. விண்ணப்பத்தோடு மேலும் இரண்டைக் கேட்டு வாங்குங்கள்: விண்ணப்பதாரி தமிழில் எழுதிய ஓர் ஆக்கம், அவர் களஆய்வில் பயன்படுத்திய சம்மதப் படிவத்தின் தமிழ்ப் பிரதி. அந்தப் படிவத்தைத் தெரிவுக்குழுவில் ஒருவர் உரக்க வாசிக்கட்டும். ‘தரவுகளின் இரகசியத்தன்மை பேணப்படும்’ என்ற வரியோடு நின்றுவிடுகிறதா, அல்லது ‘நீங்கள் சொன்னதை அழிக்கச் சொன்னால் அழிப்பேன், அதற்கு இந்த எண்ணுக்குச் சொல்லுங்கள்’ என்று எழுதியிருக்கிறதா என்பதைக் காதால் கேட்டாலே ஆளைப் பற்றி ஓரளவு தெரிந்துவிடும்.

மாணவர் முன்னிலையில் ஒரு விரிவுரை நடத்தச் சொல்வதை எக்காரணம் கொண்டும் தவிர்க்காதீர்கள். நான் உறுப்பினராக இருந்த ஒரு தெரிவில், புலமையில் எல்லோரையும் விஞ்சியிருந்த விண்ணப்பதாரி ஒருவர், மகனின் படத்தை நெஞ்சோடு அணைத்திருந்த ஒரு தாயின் புகைப்படத்தைத் திரையில் காட்டினார். கீழே கிராமத்தின் பெயரும் இருந்தது. பின்வரிசையில் இருந்த மாணவி எழுந்து, “சேர், அது எங்கட பெரியம்மா. தன்ர படம் இஞ்ச வருமெண்டு அவவுக்குத் தெரியுமோ?” என்று கேட்டாள். அவர் இணையத்தில் எடுத்த படம் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனார். அந்தப் பிள்ளை அதன் பின் உட்காரவே இல்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய, காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் போராட்டத்துக்குப் பின்னர், அந்தத் தாய்மாரிடம் ஒலிப்பதிவுக் கருவியோடு எத்தனையோ பேர் வந்து போய்விட்டார்கள். வகுப்பில் இருப்பவர்கள் அவர்களுடைய பிள்ளைகள், பெறாமக்கள். அது உறைக்காதவருக்கு எத்தனை புள்ளி வந்தாலும் இப்பதவி பொருந்தாது.

நேர்முகத் தேர்வில் கோட்பாட்டு வினாக்களைக் குறைத்து, நடக்கக்கூடியவற்றைக் கேளுங்கள். உங்கள் மாணவர் முல்லைத்தீவில் பதிவு செய்த வாக்குமூலங்களைப் பார்க்க வேண்டும் என்று ஓர் அதிகாரி வந்து நின்றால் என்ன செய்வீர்கள்? காணி ஆவணம் தொலைந்த ஒருவருக்கு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பம் எழுத மாணவரை எப்படிப் பழக்குவீர்கள்? இரண்டாவது வினாவுக்கு ஒரு தாளைக் கொடுத்து அங்கேயே எழுதச் சொல்லலாம். பத்து நிமிடம் போதும்.

எல்லோரும் எல்லோருக்கும் உறவாகவோ ஒரே பள்ளிக்கூடத்தவராகவோ இருக்கும் இடம் இது. எனவே உறவும் பகையும் முதற் கூட்டத்திலேயே குறிப்பேட்டில் பதியப்பட வேண்டும். துறைசார் வெளி நிபுணர்களில் ஒருவராவது வடக்குக்கு அப்பாலிருந்து வரட்டும். அரசசார்பற்ற நிறுவனங்கள் தரும் புகழ்ச்சிக் கடிதங்களை அளவோடு மதியுங்கள்.

நியமனக் கடிதம் கையளிக்கும் நாளுக்குள் ஒரு சிறு ஏற்பாட்டையும் முடித்துவிடுங்கள். களத்திலிருந்து வரும் ஒலிப்பதிவுகளையும் சம்மதப் படிவங்களையும் வைக்கப் பூட்டக்கூடிய ஓர் இரும்பு அலுமாரி வேண்டும். அதன் சாவி யார் யாரிடம் இருக்கும், பேராசிரியர் பதவி விலகினால் அது யாரிடம் போகும் என்பதைத் துறைக் கூட்டக் குறிப்பில் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.