பழைய சாவி, புது என்ஜின்: வயரிங்கில் சறுக்கும் இடங்கள்

1967 ஷெவர்லே காமரோ ஒன்றில், கம்ப்யூட்டர் இயக்கும் ஷெவர்லேயின் புது எல்எஸ் என்ஜினை இறக்கியாயிற்று. மவுண்ட் பொருந்திவிட்டது, கியர்பாக்ஸ் உட்கார்ந்துவிட்டது, ரேடியேட்டரும் தயார். சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, என்ஜின் பிடிக்கவில்லை. கம்ப்யூட்டருக்குப் போகும் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் 12 வோல்ட் சுளையாகக் காட்டுகிறது. அப்புறம் என்ன, கம்ப்யூட்டர்தான் போய்விட்டது என்று இன்னொன்றை வாங்கி மாட்டுவார்கள். அதிலும் பிடிக்காது.

பிரச்சினை பெரும்பாலும் அந்தப் பழைய வயரில்தான் இருக்கும்: முன்பு காயிலுக்கு (ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டை உண்டாக்கும் சுருள்) போய்க்கொண்டிருந்ததை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருப்பார்கள். பாயிண்ட் (காயிலின் கரண்ட்டை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடர்பு முனைகள்) வைத்த காலத்துக் கார்களில் காயிலுக்கு எப்போதும் முழு 12 வோல்ட் தரமாட்டார்கள். தந்தால் பாயிண்ட் முனைகள் சீக்கிரம் கருகிவிடும். கிரைஸ்லர் கார்களில் இதற்கென்று ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவே உள்ள தகடு) வெள்ளைப் பீங்கான் ரெசிஸ்டர் ஒன்று இருக்கும். பார்த்தாலே தெரியும் என்பதால் அதைத் தவறவிடுவது கடினம். ஷெவர்லேயில் வயரே ரெசிஸ்டர். ஃபயர்வால் பிளக்கிலிருந்து காயிலுக்குப் போகும் துணி சுற்றிய வயருக்கு ஏறக்குறைய 1.8 ஓம் தடை உண்டு. செல்ஃப் அடிக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டரின் மேலிருக்கும் சாலினாய்டு சுவிட்சிலிருந்து மஞ்சள் வயர் ஒன்று முழு வோல்ட்டைக் காயிலுக்குக் கொண்டுபோகும். புது என்ஜினுக்கான ஸ்டார்ட்டரில் பொதுவாக அந்த முனையே இருக்காது. ஆகவே செல்ஃப் அடிக்கும்போதும் கம்ப்யூட்டருக்கு அரைவயிற்றுச் சாப்பாடுதான்.

மீட்டர் ஏன் 12 காட்டியது? மீட்டர் கரண்ட்டே இழுக்காது. கரண்ட் ஓடாத வயரில் எவ்வளவு தடை இருந்தாலும் வோல்ட் குறையாது. அதே வயரில் 3 ஆம்பியர் இழுத்துப் பாருங்கள்: 1.8 ஓமுக்கு 5.4 வோல்ட் வழியிலேயே போய்விடும், மறுமுனையில் மிஞ்சுவது ஆறரைதான். எனவே மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றை அந்த வயருக்கும் எர்த்துக்கும் நடுவே மாட்டி எரியவிட்டு, அப்புறம் அளந்து பாருங்கள். 12 காட்டிய மீட்டர் ஒன்பதரைப் பக்கம் இறங்கினால் ஆள் சிக்கிவிட்டான். அந்தத் துணி வயரை மொத்தமாக விட்டுவிட்டு, ஃபயர்வால் பிளக்குக்கு உள்பக்கம் இருக்கும் பிங்க் வயரிலிருந்து சாதாரண வயரில் சப்ளை எடுக்க வேண்டும்.

சாவியிலேயே இன்னொரு பொறி இருக்கிறது. ரேடியோ, ஹீட்டர் போன்றவற்றுக்கான ஆக்சஸரி முனை, செல்ஃப் அடிக்கும் நேரத்தில் செத்துவிடும். பேட்டரியின் முழு பலமும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். கைக்கு எட்டும் வசதிக்காகக் கம்ப்யூட்டரின் சப்ளையை அங்கே கோர்த்தால், என்ஜின் எவ்வளவு சுற்றினாலும் பிடிக்காது. சாவியை விடும் அந்த நொடியில் ஒரு உதறு உதறும். இந்த உதறலைப் பார்த்தால் வேறெங்கும் தேடாதீர்கள். ‘ரன்’ நிலையிலும் ‘ஸ்டார்ட்’ நிலையிலும் உயிரோடு இருக்கும் முனைதான் வேண்டும். பல்பை மாட்டி வைத்துக்கொண்டு ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். பல்பு கொஞ்சம் மங்கலாம், அணையக் கூடாது.

சரி, சரியான முனை கிடைத்துவிட்டது. உடனே எட்டுக் காயில், எட்டு இன்ஜெக்டர், பெட்ரோல் பம்ப் எல்லாவற்றையும் அதில் தொங்கவிடுவது அடுத்த தவறு. அறுபதுகளின் சாவி சுவிட்ச் ஒரே ஒரு காயிலை மனதில் வைத்துச் செய்தது. அந்த பிங்க் வயரை ஒரு ரிலேயின் (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) 86-ஆம் முனைக்குக் கொடுத்து 85-ஐ எர்த் செய்யுங்கள். பேட்டரியிலிருந்து 30-க்கு ஃப்யூஸ் வழியாகத் தடிமனான வயர், 87-இலிருந்து என்ஜினுக்கு. அந்த ஃப்யூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். தூரத்தில் வைத்தால் நடுவில் வயர் உரசும்போது காப்பாற்ற ஆளிருக்காது. 87-க்குப் பிறகும் ஒரே ஃப்யூஸில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள். ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டர் ஷார்ட் ஆனதற்காக வண்டி நடுரோட்டில் நிற்க வேண்டுமா? ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் வயரிங்கில் ஆரஞ்சு வயருக்கு எப்போதும் பேட்டரி சப்ளை, பிங்க் வயருக்குச் சாவி போட்டால் மட்டும் சப்ளை. இரண்டையும் ஒன்றாக முறுக்கிவிடும் குறுக்குவழி வேண்டாம்.

ரிலே வைத்தபின் வரும் வேடிக்கை ஒன்று உண்டு. சாவியை எடுத்துக் கையில் வைத்திருக்கிறீர்கள், என்ஜின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. டேஷ்போர்டில் சார்ஜ் லைட்டுக்குப் போகும் வயர் வழியாக ஆல்டர்னேட்டர் (பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஜெனரேட்டர்) பின்பக்கமாகக் கரண்ட் அனுப்புவதுதான் காரணம். ரிலேயை இழுக்கக் கொஞ்சம் பலம் வேண்டும். இழுத்ததைப் பிடித்து வைத்திருக்க மிகக் குறைந்த வோல்ட்டே போதும். அந்த வயரில் ஒரு டையோடு, சாவியிலிருந்து ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டும் கரண்ட் போகும்படி மாட்டினால் தீர்ந்தது. லைட்டே வேண்டாம் என்று அதைக் கழற்றிவிட்டு நேரடியாக 12 வோல்ட் கொடுப்பவர்களும் உண்டு. எல்எஸ் ஆல்டர்னேட்டரின் அந்த முனைக்கு பல்போ ரெசிஸ்டரோ நடுவில் இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அதன் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் போய்விடும்.

எர்த் பற்றி எல்லோரும் சொல்வார்கள், ஆனால் யாரும் பெயின்ட்டைச் சுரண்ட மாட்டார்கள். எல்எஸ்ஸில் காயில்களின் எர்த் வயர்கள் சிலிண்டர் ஹெட்டின் பின்புறம் வந்து சேரும். பளபளவென்று பெயின்ட் அடித்த ஹெட்டில் போல்ட்டை முறுக்கினால் எர்த் கிடைத்ததாக அர்த்தமில்லை. என்ஜினுக்கும் பாடிக்கும் தனியாகத் தடித்த பட்டை போடுங்கள். போடாவிட்டால் ஸ்டார்ட்டரின் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சுடுவது அதனால்தான். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி நெகட்டிவுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவே மீட்டரை வையுங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை.

என்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் எல்எஸ் என்ஜினில் ஸ்டார்ட்டருக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. பக்கத்திலேயே ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள், அதற்குச் சற்றுத் தள்ளி எக்ஸாஸ்ட். வயரை ஓரமாக ஒதுக்கிக் கட்டாவிட்டால் முதல் நீண்ட பயணத்திலேயே உருகும். ஸ்டார்ட்டரைக் கழற்றாமல் கை போகாது.

எல்லாம் சரியாக இருந்தும் என்ஜின் பிடித்து ஓரிரு நொடியில் நின்றால் வயரிங்கைப் பிரிக்க வேண்டாம். கம்ப்யூட்டர் தன் பழைய காரின் திருட்டுத் தடுப்புச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கலாம். அதை மென்பொருளில் அணைக்க வேண்டும், ஸ்பானரால் முடியாது.

பிரிட்டிஷ் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் போன்றவற்றில் 1967 வரை பேட்டரியின் பாசிட்டிவ்தான் பாடியில் எர்த். எல்லாவற்றுக்கும் முன் அதை நெகட்டிவுக்கு மாற்றுங்கள்; மாற்றாமல் ஒரு முறை இணைத்தாலும் கம்ப்யூட்டர் போய்விடலாம். பழைய ஸ்மித்ஸ் ஆர்பிஎம் மீட்டர் காயிலுக்குப் போகும் கரண்ட்டை எண்ணித்தான் முள்ளை நகர்த்தியது. புது என்ஜினில் அப்படி ஒற்றைக் காயில் இல்லாததால் முள் அசையாது. அதற்காக மீட்டரைக் கழற்றி எறிய வேண்டாம், உள்ளே இருக்கும் சர்க்யூட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.